பெயரை எடுத்துவிட்டால்

அத்தியாயம் பதினாலு

ஞாயிற்றுக்கிழமை கோம்பையில் ஜீப் ஓடாது. மலைமேல் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களுக்கு அது ஒன்றுதான் ஓய்வு நாள். ஓய்வு என்று பேர். ஆறு நாள் அழுக்குத் துணி அன்றைக்குத்தான் கல்லுக்கு வரும். தலைக்கு ஊற்றுவதும் அன்றைக்குத்தான். கறி எடுத்தால் அதையும் ஆக்கிக் கொட்ட வேண்டும்.

அந்த நாளில் போய், "சமுதாயக் கூடத்துக்கு வாங்க, கொஞ்ச நேரம் பேசணும்" என்று கூப்பிட்டிருந்தாள் சுபாஸ்ரீ.

கூப்பிட்டது அவள். ஆள் சேர்த்தது அவள் அம்மா அன்னத்தாய். புருஷன் அய்யாத்துரை போய்ச் சேர்ந்தபிறகு அன்னத்தாய் அந்த ஜீப்புக்குக் கங்காணி ஆனாள். யார் வருவது, யார் நிற்பது, யார் எந்தச் சரிவில் காய் எடுப்பது எல்லாம் அவள் சொல்வதுதான். டிரைவர் முத்துராஜாவுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து போவாள். மற்ற பெண்கள் பின்னால் ஒருத்தி மடியில் ஒருத்தியாகப் போவார்கள்.

வீட்டில் சனிக்கிழமை நடந்த சண்டை இன்னும் ஆறவில்லை. மருமகள் சினேகாவுக்குக் குழந்தை தங்கவில்லை என்று மதுரையில் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை வரும்போது வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கூட்டிவரச் சொல்லியிருந்தார் டாக்டர். மகன் சூரியபிரகாஷ் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு லாரியில் போனவன் வந்து சேரவில்லை. "திங்கக்கெழம நான் ஜீப்புக்குப் போகலைன்னா அந்தச் சீட்டுல இன்னொருத்தி உக்காந்துருவா" என்று அன்னத்தாய் சொல்லிவிட்டாள். சினேகா மாவாட்டப் போய்விட்டாள்.

காலையில் சுபாஸ்ரீ கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னாள்.

"நீ அங்கன வந்துராதம்மா."

"ஏன், நான் என்ன அவளுகளக் கடிச்சா திங்கப்போறேன்?"

"எங்க மேடம் சொல்லியிருக்காக. ஆள் சேத்தவுக பக்கத்துல இருந்தா மத்தவுக மனசு விட்டுப் பேசமாட்டாகளாம்."

"ஆள் சேக்க மட்டும் நான் வேணும்" என்றாள் அன்னத்தாய். "போ போ. எனக்கும் துணி கெடக்கு."

*

சுபாஸ்ரீக்கு வேலை ஒரு சுகாதார ஆய்வுத் திட்டத்தில். இதுவரை வீடு வீடாகப் போய், கேள்வித்தாளை வைத்து, ஆம் இல்லை என்று டிக் அடித்துக்கொண்டிருந்தாள். மலைக்குக் கூலிக்குப் போகிற பெண்களுக்கு ஏன் இத்தனை மூத்திரக் கோளாறு, ஏன் இத்தனை கர்ப்பப்பை ஆபரேஷன் என்பதை டிக் அடித்துக் கண்டுபிடிக்க முடியாது என்று மேலே உள்ளவர்களுக்குத் தாமதமாகப் புரிந்தது. அதனால் இந்தப் பயிற்சி.

தேனி அல்லிநகரத்தில் ஒரு மாடி ஹாலில் நடந்தது. சொல்லிக்கொடுத்த ஜெபஷீலா போடி பஜாரில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். ஐம்பதைத் தாண்டியவர். இடுப்புவலிக்கு பெல்ட் போட்டுக்கொண்டு நின்றபடியே பேசுவார். முதலில் அவர் செய்த காரியம், பயிற்சிக்கு வந்தவர்களை ஒருவரையொருவர் பேட்டி எடுக்க வைத்து, அந்த ரெக்கார்டிங்கை அவரவரையே கேட்கச் சொன்னது. "எங்கெங்க குறுக்கே விழுந்தீங்களோ, அங்கெல்லாம் ஒரு கோடு போடுங்க" என்றார். எல்லார் தாளும் கோடாகவே இருந்தது.

பிறகு விடாமல் ஒரே பாடம்தான். யார் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம், நம்மைப் பார்த்து அவர்கள் எதைச் சொல்வார்கள், எதை விழுங்குவார்கள். ஒருத்தி தண்ணீர் குடிப்பதில்லை என்றால் அது அவள் பழக்கமா, அல்லது அவளைக் குடிக்கவிடாமல் ஒன்று தடுக்கிறதா. அப்படி வெளியே போய் ஒரு குழுப்பேச்சை ஒழுங்காக நடத்திக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் புதுத் திட்டத்தில் இடம். மற்றவர்கள் பழையபடி டிக் அடிக்கப் போகலாம்.

சுபாஸ்ரீக்கு ஜோடி ஷானவாஸ். உத்தமபாளையத்துப் பையன். கெட்டிக்காரன், ஆனால் வாய் நிற்காது.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெண்கள் ஈரத்தலையோடு வந்திருந்தார்கள். சுபாஸ்ரீ தன் போனை நடுவில் வைத்து, ரெக்கார்ட் ஆகப்போகிறது, பிடிக்காவிட்டால் சொல்லிவிடலாம் என்று விளக்கினாள். யாரும் மறுக்கவில்லை. எல்லாரும் சீக்கிரம் முடிந்தால் சரி என்கிற முகத்தோடு இருந்தார்கள்.

ஷானவாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அக்கா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீக? ஒரு பாட்டிலா, ரெண்டா, அதுக்கு மேலயா?"

"அதுக்கு மேல" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

"போன வருசம் வந்தவுகளும் இதத்தான் கேட்டாக" என்றாள் மாயக்கா. நாற்பது வயதுக்காரி. ஜீப்பில் அன்னத்தாய்க்கு அடுத்துப் பழைய ஆள் அவள்தான். "நெறையக் குடிங்கன்னு நோட்டீசும் குடுத்தாக. நல்ல தாளு. எங்க வீட்டுல அலமாரிக்கு விரிச்சிருக்கேன்."

சிரிப்பு. ஷானவாஸுக்குக் காது சிவந்தது.

சுவரோரம் நாற்காலியில் இருந்த ஜெபஷீலா மெல்லக் கேட்டார். "காலைல கண்ணு முழிச்சதுலருந்து தோட்டத்துல இறங்குற வரைக்கும் என்னென்ன நடக்கும்? அவசரமில்ல. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஷானவாஸ் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தான். சுபாஸ்ரீ அவன் முழங்காலைத் தட்டினாள். அவன் விழுங்கிக்கொண்டான்.

ராக்காயி என்கிற சின்னப்பெண்தான் ஆரம்பித்தாள். "கருக்கல்ல எந்திரிப்போம். சோறாக்கித் தூக்குச்சட்டியில போடுவோம். தண்ணி குடிக்கமாட்டோம்."

"குடிக்கமாட்டீங்களா?" என்றார் ஜெபஷீலா.

"எப்படிக் குடிக்க? கம்பம்மெட்டு ஏறி அந்தப் பக்கம் எறங்குற மட்டும் ஜீப்பு நிக்காது. நிப்பாட்டச் சொன்னா முத்துராஜா அண்ணன் வையும். அதுவும் என்ன செய்யும், நேரத்துக்குப் போகலைன்னா தோட்டத்துல அத வைவாக."

"தோட்டத்துல மட்டும் என்ன வாழுது?" என்றாள் மாயக்கா. "செடி மறவுலதான் ஒதுங்கணும். அந்தப் பக்கமாப் பாத்து மருந்தடிக்கிற பயக வருவானுக. சூப்பர்வைசர் வேற, 'சேச்சி எங்க, சேச்சி எங்க'ன்னு தேடிக்கிட்டே திரிவாரு. அதனால ராத்திரியே தண்ணிய நிப்பாட்டிருவோம். சாயங்காலம் வீடு வந்துதான் வாய நனைக்கிறது. எரியும். வெள்ளரிக்காய் திம்போம், எளநி குடிப்போம். சரியாப்போகும். திரும்ப எரியும்."

ஷானவாஸ் குனிந்து எழுதினான். அவனுக்கு அடுத்த கேள்வி வாயில் வந்து நின்றது. தயங்கினான்.

"அந்த மூணு நாள்ல..."

சட்டென்று எல்லார் பேச்சும் அடங்கியது. ஜெபஷீலா, "ஷானவாஸ் வேணும்னா கொஞ்ச நேரம் வெளிய இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் தாயி" என்றாள் மாயக்கா. "கட்டுன புருசன்தான் கேக்கல. இந்தத் தம்பியாவது கேட்டுட்டுப் போகட்டும். தம்பி, ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சுக்கிட்டுக் கட்டு."

மறுபடியும் சிரிப்பு. அது அடங்குமுன் மாயக்கா சொன்னாள். "எங்களுக்கு அந்த மூணு நாளு வராது தம்பி. நாங்க வரவிடமாட்டோம். நாள் தள்ற மாத்திரை போட்டுக்குவோம். காயெடுப்பு மும்முரமா இருக்கிற மாசத்துல ஒரு நாளு மொடங்கினாலும் சீட்டு போயிரும்."

"மாத்திரை எங்க வாங்குவீக? டாக்டர் எழுதிக் குடுப்பாரா? மெடிக்கல்ல நீங்களே கேப்பீகளா? இல்ல யாராவது குடுப்பாகளா?"

கேட்டு முடித்தபிறகுதான் ஷானவாஸ் தன் தப்பை உணர்ந்தான். நாலு கேள்வியை ஒன்றாகக் கேட்டுவிட்டான். ஆனால் தப்பு அது இல்லை. பெண்கள் எல்லாரும் சுபாஸ்ரீயைப் பார்த்தார்கள். ராக்காயி மாயக்காவின் தொடையைக் கிள்ளினாள்.

"என்னத்துக்குடி கிள்ளுற? இவளுக்குத் தெரியாததா? அன்னக்காதான் குடுக்கும்."

"யாரு அன்னக்கா?" என்றான் ஷானவாஸ்.

"இந்தா உக்காந்திருக்காள்ல, இவ ஆத்தா. எங்க கங்காணி. வெத்தலப் பையிலயே வச்சிருக்கும். எவ மொகம் வாடியிருக்கோ அவளுக்குப் பின்னால திரும்பி எடுத்து நீட்டும்."

சுபாஸ்ரீயின் பேனா நின்றது. அவளுக்குத் தெரியாது. அம்மா வெற்றிலை போடுவாள், தெரியும். அந்தப் பையை அவள் தொட்டதில்லை.

மாயக்கா நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நல்லதுக்குத்தான் குடுக்குது, கொற சொல்லல. ஒன் மதினி சினேகாவும் தின்னவதான். கல்யாணத்துக்கு முன்ன, கொமரா ஜீப்புல வந்த காலத்துலருந்து. வேல செய்ற கையப் பாத்துத்தான் அன்னக்கா மருமகளா எடுத்துச்சு. இன்னிக்குப் புள்ளையில்லன்னு மதுரைக்கு அலையிறா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையா, நான் என்ன டாக்டரா. வாயிருக்கமாட்டாமச் சொல்றேன்."

பாயின் நடுவே போன் ஓடிக்கொண்டிருந்தது.

*

பெண்கள் போனபின் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். சுபாஸ்ரீ சாம்பாரை ஊற்றி அப்படியே வைத்திருந்தாள்.

"நான் கேட்டிருக்கக் கூடாது" என்றான் ஷானவாஸ்.

"கேக்கத்தான வந்தோம்."

"பேரை எடுத்துருவோம் சுபா. கங்காணி ஒருத்தர்னு போட்டுட்டாப் போச்சு. எல்லா ஆய்வுலயும் அப்படித்தான செய்றாக?"

ஜெபஷீலா இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தி விட்டுக்கொண்டு, "கோம்பைல எத்தனை ஜீப்புக்குப் பொம்பளைக் கங்காணி?" என்று கேட்டார்.

"எங்கம்மா மட்டுந்தான் மேடம்" என்றாள் சுபாஸ்ரீ.

"அப்ப பேரை எடுத்துட்டாப் போதுமா?"

"ஊரையும் எடுத்துருவோம்" என்றான் ஷானவாஸ்.

"ஊரையும் எடுக்கலாம். கங்காணின்னு இருக்கிறதையும் எடுக்கலாம். பொம்பளைங்கிறதையும் எடுக்கலாம். கடைசில மாத்திரை மட்டும் தானா நடந்து வந்து அவங்க வாய்க்குள்ள போன மாதிரி இருக்கும்."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சலிப்பாகச் சொன்னார்.

"அப்படியே எழுதினா?" என்றாள் சுபாஸ்ரீ.

"எழுதினா, படிக்கிறவங்க உங்க அம்மாவப் பிடிச்சுக்குவாங்க. மாத்திரை குடுத்தவங்க கிடைச்சாச்சு, கதை முடிஞ்சது. ஜீப் ஏன் நிக்கல, அவ்வளவு பெரிய தோட்டத்துல பொம்பளைங்க ஒதுங்க ஒரு மறைப்பு ஏன் இல்லைன்னு அதுக்கப்புறம் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

"அப்ப அழிச்சிரலாமா மேடம்?"

"அழிச்சா? அந்த மாத்திரையே இல்லாமப் போயிடும். நாளைக்கு இன்னொரு நோட்டீஸ் அடிப்பாங்க, நிறையத் தண்ணி குடிங்கன்னு."

ஷானவாஸ் அப்பளத்தைச் சத்தம் வராமல் உடைத்தான்.

"விதி இருக்கு" என்றார் ஜெபஷீலா. "பேசினவங்க வேண்டாம்னா, அவங்க பேசினத அந்த இடத்துலயே எடுத்துடணும். அதுல ரெண்டாவது பேச்சில்ல. ஆனா பேசினவங்க ஒருத்தர், பேசப்பட்டவங்க வேற ஒருத்தர்னா என்ன செய்றது? விதி எழுதினவங்க யாரும் சொந்த வீட்டு வாசல்ல போய்ப் பேட்டி எடுத்தவங்க இல்ல. எனக்கும் சரியாத் தெரியல சுபாஸ்ரீ. தெரிஞ்ச மாதிரி பேசினா அது பொய்."

"நாளைக்கு அல்லிநகரத்துல எல்லார் முன்னாலயும் இதப் போட்டுக் கேக்கணுமே."

"போடுறதா வேண்டாமாங்கிறத நாளைக்குக் காலைல எனக்குச் சொல்லுங்க. அதுக்கு முன்னால அம்மாகிட்டப் பேசுங்க. நீங்களா தனியா முடிவு எடுக்காதீங்க. அம்மாவுக்குப் பயந்தும் எடுக்காதீங்க, வேலைக்குப் பயந்தும் எடுக்காதீங்க."

சுலபமாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு இரண்டுக்கும் பயமாக இருந்தது. அந்தப் பேச்சு அவள் போனில் மட்டும்தான் இருந்தது.

*

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அன்னத்தாய் துணியை அடித்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"ராக்காயி வந்து சொல்லிட்டுப் போயிட்டா" என்றாள். "அழிச்சிரு."

"அம்மா..."

"போன்லதான இருக்கு? ஒரு அமுக்கு அமுக்கினா போயிரும்."

"நானா அழிக்க முடியாதும்மா. பேசினவுக வந்து வேண்டாம்னு சொல்லணும்."

"பேசினவ அவ. சந்தி சிரிக்கிறது என் பேரு. அழிக்கிறதுக்கும் அவ உத்தரவு வேணுமாக்கும்? நல்லாருக்குடி ஒங்க படிப்பு."

படீர் படீரென்று ரெண்டு அடி. நுரை சுபாஸ்ரீயின் காலில் தெறித்தது.

"ஏம்மா குடுத்த?"

"எவ வாயையும் பிளந்து நான் ஊட்டல. கேட்டாளுக, குடுத்தேன். மெடிக்கல்ல ஆம்பளப்பயகிட்டக் கேக்கக் கூசிக்கிட்டு என்கிட்ட வந்தாளுக. வரமாட்டேன்னு ஒரு நாளு நின்னா அவ எடத்துல இன்னொருத்தி ஏறிருவா. ஏறினவள மறுநாளு நான் எறக்கிவிடவா? அவளுக்கும் வயிறு இருக்குல்ல? ஜீப்பு நெறையாமப் போனா தோட்டத்துல என்னைய எறக்கிவிட்ருவான். இத எழுது. இத எழுதினியா?"

"எழுதுவேம்மா. நீ சொன்னா அதையும் எழுதுவேன்."

"கிழிச்ச."

"மதினிக்கும் குடுத்தியா?"

அடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப அவ என் மருமக இல்ல. ஜீப்புல வந்த புள்ளைகள்ல ஒருத்தி."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

பதில் அடுப்படிக் கதவிலிருந்து வந்தது.

"அப்புறமும்தான்" என்றாள் சினேகா.

கையெல்லாம் மாவாக நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவள் சத்தம் போட்டுப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இப்போதும் சத்தமில்லை.

"கட்டி வந்த பெறகும் ஒரு வருசம் ஜீப்புக்குப் போனேன்ல. அப்பவும் போட்டேன். அத்த குடுத்தாக, போட்டேன். அவுக குடுக்கலைன்னாலும் நானே கேட்டு வாங்கியிருப்பேன். எல்லாரும் போட்டாக."

"டாக்டர்கிட்டச் சொன்னியா மதினி?"

"கேட்டாரு. இதுக்கு முன்ன மாத்திரை ஏதும் சாப்பிட்டியாம்மான்னு போறப்பல்லாம் கேப்பாரு. இல்லைன்னுதான் சொன்னேன்."

"ஏன்?"

"பக்கத்துல ஒங்க அண்ணன் நின்னாக. அவுக ஆத்தாவப் பத்தி அவுக முன்னாலயே எப்படிச் சொல்லச் சொல்ற?"

குழாயில் தண்ணீர் வாளி நிறைந்து வழிந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"அதனாலதான் புள்ள தங்கலைன்னு நான் சொல்லல அத்த" என்றாள் சினேகா. "எனக்குத் தெரியாது."

"அதனாலதான்னு யாரும் சொல்ல முடியாது மதினி" என்றாள் சுபாஸ்ரீ. "ஆனா டாக்டருக்குத் தெரியணும்."

"தெரியாமத்தான் இத்தன நாளா எழுதிக் குடுக்கிறாரு. நானும் முழுங்கிக்கிட்டு வாரேன்." புறங்கையால் மூக்கைத் தேய்த்தாள். நெற்றியில் மாவு ஒட்டியது. "அத அழிச்சிராத சுபா. என் வாயில வராதது மாயக்கா வாயில வந்துருச்சு. இருந்துட்டுப் போகட்டும்."

அன்னத்தாய் எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழ முடிந்தது. சேலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். கோணலாக விழுந்ததை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "முத்துராஜாவுக்குப் போன் போடு" என்றாள் மகளிடம். "கை ஈரமா இருக்கு. சத்தமா வச்சுப் போடு."

போன் நெடுநேரம் அடித்தது.

"ஏலே முத்துராஜா, நாளைக்கு நான் வரல. மருமகளக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போறேன். ஒரு நாளைக்குச் சமாளிச்சுக்க."

அந்தப் பக்கம் முத்துராஜா இருமினான்.

"நானே ஒங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன்க்கா. தோட்டத்துலருந்து பேசினாக. பொம்பளைகளக் கூட்டி வச்சு ரெக்கார்டு பண்ணாகளாம்ல. கங்காணி மகளே இத நடத்துறாளான்னு கேட்டாக. நாளைலருந்து மாயக்காவ முன்சீட்டுல ஏத்திக்கிட்டு வரச் சொல்லிட்டாக."

"யார்றா போட்டுக் குடுத்தது?"

"எனக்கென்னக்கா தெரியும்? நான் வண்டி ஓட்டுறவன்." கொஞ்சம் இழுத்தான். "நீங்க வேணும்னா பின்னால ஏறிக்கங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சுபாஸ்ரீ போனை அணைத்தாள்.

அன்னத்தாய் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று மகள் எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

"பின்னால ஏறிக்கணுமாம்" என்றாள். சினேகாவைப் பார்த்தாள். "வெள்ளன கெளம்பணும். மொத பஸ்ஸப் பிடிச்சாத்தான் டோக்கன் கெடைக்கும். டாக்டர்கிட்ட நானே சொல்றேன். நீ வாயத் தொறக்க வேணாம்."

"நானே சொல்லுவேன் அத்த" என்றாள் சினேகா. "நீங்க கூட நின்னாப் போதும்."

அன்னத்தாய் மகளிடம், முகத்தைப் பார்க்காமல், "போன்ல இருக்கிறது கெடந்துட்டுப் போகட்டும்டி. இனிமே எனக்கென்ன அதுல" என்றாள்.

*

மறுநாள் எல்லார் முன்னாலும் அதைப் போடலாமா என்று மாயக்காவிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதற்காகத்தான் போகிறேன் என்று சுபாஸ்ரீ தனக்கே சொல்லிக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்தாள். கேட்க வேறு கேள்வியும் இருந்தது.

மாயக்கா வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரு கொறையுது, ஒங்க தெருவுல ஆளு இருந்தா அனுப்பு. நேரத்துக்கு வந்துரணும், சொல்லிட்டேன்." சுபாஸ்ரீயைப் பார்த்ததும் போனை இடுப்பில் செருகினாள்.

"வா தாயி. வருவேன்னு தெரியும்."

"நீங்கதான் தோட்டத்துக்குச் சொன்னீகளா சித்தி?"

"சொல்லல." கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். "கூடத்துல அத்தன பேரு இருந்தோம். எவ சொன்னாளோ. என்னையக் கூப்பிட்டாக, சரின்னேன். உள்ள கட்டிக் குடுக்காம மூணு கொமரு ஒக்காந்திருக்கு. வேணாம்னு சொல்ல நான் என்ன மகராசியா? அன்னக்காவும் இப்படித்தான் ஒரு நாளு சரின்னுச்சு. அதுக்கு முன்ன அந்தச் சீட்டுல இருந்தவ என்ன ஆனான்னு ஒங்க ஆத்தாவக் கேளு."

சுபாஸ்ரீ கேட்க வந்ததைக் கேட்டாள்.

"காலைல பேசினத நாளைக்குத் தேனியில போட்டுக் கேக்கப்போறோம் சித்தி. எங்கம்மாவும் சரின்னுட்டாக. நீங்க..."

"அத அழிச்சிரு."

"சித்தி?"

"நான் பேசினத மட்டும் அழிச்சிரு. மத்தவளுக பேசினது எப்படியோ போகட்டும்."

"காலைல நீங்கதான சொன்னீக, தம்பி தெரிஞ்சுக்கிடட்டும்னு..."

"காலைல நான் பின்னால ஒக்காந்து போனவ."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அது தாண்டும்வரை மாயக்கா பேசவில்லை. பிறகு குரலைத் தணித்தாள்.

"ராக்காயி இப்பத்தான் வந்துட்டுப் போறா. நாளைக்கு அவளுக்கு நாளு. மாத்திரை இருக்கான்னு கேக்குறா."

"நீங்க என்ன சொன்னீக?"

மாயக்கா அதைக் காதில் வாங்காதவள்போல முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எடு தாயி அந்தப் போன. என் கண்ணு முன்னாலயே அழி."

பேசியவள் கேட்கிறாள். அதில் இரண்டாவது பேச்சில்லை. அடுப்படிக் கதவில் மாவுக் கையோடு நின்றவளுக்கு என்ன பதில் சொல்வது என்று சுபாஸ்ரீக்குத் தெரியவில்லை.

போனை வெளியே எடுத்தாள். மாயக்கா இன்னும் ஒரு எட்டு நெருங்கி வந்து நின்று, திரையை எட்டிப் பார்த்தாள்.